மிளகாய் அரவைக்கு மாவட்டத் தொழில் மையம் எதுவரை துணை நிற்கும்?

கேள்வி: வானம் பார்த்த தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். வயது 36. வீட்டை ஒட்டிய கொட்டகையில் சிறிய அரவை இயந்திரம் ஒன்றை வைத்து, இரண்டு ஆண்டுகளாக உள்ளூர்க் குண்டு மிளகாயைத் தூளாக்கி மாதம் ஏறத்தாழ 400 கிலோ விற்றுவருகிறேன். நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தொடக்கத்திலேயே வாங்கிவிட்டேன். மணிக்கு 100 கிலோ அரைக்கும் இயந்திரமும் புதிய கொட்டகையும் போட, 18 லட்சம் ரூபாய்க்குத் திட்ட அறிக்கை தயாரித்து, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தேன். தொழில் மையத்தில் மரியாதையாகப் பேசி வங்கிக்கு அனுப்பினார்கள். வங்கியோ, ‘சாத்தியமற்றது’ என்று ஒரே சொல்லில் திருப்பிவிட்டது. இதற்கிடையே மதுரைக் கடைக்காரர் ஒருவர் 1.40 லட்சம் ரூபாயை ஆறு மாதமாகத் தராமல் இழுக்கிறார். ஊரிலோ, ‘இந்த மையங்களால் யாருக்கு வேலை கிடைத்தது? பெரிய ஃபேக்டரி கேட்டு மனுக் கொடுங்கள்’ என்கிறார்கள். நான் இனி எந்த வாசலுக்குப் போவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் விண்ணப்பம் இரண்டு காரணங்களால் நின்றிருக்கலாம். ஒன்று விதி சார்ந்தது, மற்றொன்று கணக்கு சார்ந்தது. விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கானது. அதில் கடன் பெற்று முடித்தவர்கள் தரம் உயர்த்திக்கொள்வதற்கு இரண்டாம் கடன் போன்ற தனிப் பிரிவு உண்டே தவிர, ஏற்கெனவே நடந்துவரும் அலகு ஒன்று புதிய அலகாக அதற்குள் நுழைய முடியாது. உங்கள் உத்யம் சான்றிதழிலேயே தொழில் தொடங்கிய நாள் அச்சாகியிருக்கிறது. நேர்மையாகப் பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவே தடையாக நிற்பது வேடிக்கைதான், ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. தம்பி பெயரில் புதிதாகப் பதிவு செய்து அதே கொட்டகையைக் காட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். நான் தொழில் மையத்தில் பணியில் இருந்த காலத்தில் அந்த யோசனையைக் கேட்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மானியம் மூன்று ஆண்டுகள் வைப்பாக வங்கியிலேயே இருக்கும், அதைக் கடனில் கழிப்பதற்கு முன் நேரில் ஆய்வு நடக்கும், அந்த ஆய்வில் பழைய இயந்திரமும் பழைய மின் இணைப்பும் பேசிவிடும். அந்த வழி வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்துவது, 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த, குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். நடந்துகொண்டிருக்கும் அலகை விரிவாக்குவதற்கே அது முதலில் வகுக்கப்பட்டது. தகுதியுள்ள முதலீட்டுச் செலவில் 35 விழுக்காடு, உச்ச வரம்பாக 10 லட்சம் ரூபாய், வங்கிக் கடனோடு இணைந்த மானியமாகக் கிடைக்கும். சொந்தப் பங்கு குறைந்தது 10 விழுக்காடு. விண்ணப்பத்தையும் திட்ட அறிக்கையையும் தயாரித்துத் தர மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கான ஊதியம் திட்டத்திலிருந்தே போகிறது, ஆகவே நீங்கள் அவருக்குப் பணம் தர வேண்டியதில்லை. மேலே சொன்ன இரண்டு திட்டங்களும் 2025-26 நிதியாண்டு வரை என்று ஒப்புதல் பெற்றவை என்பதால், நடப்பு ஆண்டுக்கான நீட்டிப்பும் இலக்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர் என்றால், விரிவாக்கத்துக்கும் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் அதே மேசையில் கேளுங்கள்.

இனி கணக்கு. உங்கள் விண்ணப்பம் எந்தத் திட்டத்தின் பெயரில் போயிருந்தாலும் இந்தக் கணக்கில்தான் சிக்கியிருக்கும் என்பது என் கருத்து, ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய திட்ட அறிக்கையில் 11 லட்சம் கொட்டகைக்கும் இயந்திரங்களுக்கும், 7 லட்சம் நடைமுறை மூலதனத்துக்கும், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும், ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி நேரம், 70 விழுக்காடு திறன் என்று போட்டிருக்கிறார்கள். இது எந்த ஆலோசகரின் கணினியிலும் தயாராக இருக்கும் வாய்பாடு. அரிசி ஆலைக்கும் அதுதான், செங்கல் சூளைக்கும் அதுதான். மணிக்கு 100 கிலோ என்றால் அந்த வாய்பாட்டின்படி ஆண்டுக்கு 168 டன் மிளகாய் அரைக்க வேண்டும். நீங்கள் இப்போது ஆண்டுக்கு 4.8 டன் விற்கிறீர்கள். அதாவது, முதல் ஆண்டிலேயே விற்பனை 35 மடங்காகும் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு வங்கியிடம் கொடுத்திருக்கிறீர்கள். வத்தல் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் என்றாலும், பேச்சுக்குக் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 168 டன் வாங்க 3.36 கோடி ரூபாய் வேண்டும். கையில் இருப்பதாகக் காட்டியிருப்பது 7 லட்சம். அந்த 7 லட்சம் ஓர் ஆண்டில் 48 முறை சரக்காகி, விற்றுப் பணமாகித் திரும்பினால்தான் கணக்கு நேராகும். மதுரைக் கடைக்காரரோ ஆறு மாதத்தில் ஒருமுறைகூடத் திருப்பவில்லை.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். 7 லட்சத்துக்கு 3,500 கிலோ வத்தல் கிடைக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் இயந்திரம் அதை 35 மணி நேரத்தில், அதாவது ஐந்து நாளில் அரைத்து முடித்துவிடும். ஆறாம் நாள் இயந்திரத்துக்கு என்ன வேலை? பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், மானியத்தோடு வாங்கிய எண்ணெய்ச் செக்கு ஒன்றுக்கு நான் ஆய்வுக்குப் போனபோது, அதன் மேல் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை, தவணையும் கூலி வேலை செய்தே கட்டப்பட்டுவந்தது. நிலக்கடலை வாங்கப் பணம் இல்லை, அவ்வளவுதான். நம் மானியத் திட்டங்கள் பெரும்பாலும் இரும்பை நோக்கியே சாய்ந்திருப்பதன் விளைவு அது. உணவு பதப்படுத்தும் திட்டத்திலும் நடைமுறை மூலதனத்துக்கு மானியம் கிடையாது, கட்டுமானத்துக்கும் தகுதியுள்ள செலவில் 30 விழுக்காடு என்ற வரம்பு உண்டு.

மிளகாய்த் தொழிலின் இயல்பே பருவத்தில் வாங்கி ஆண்டு முழுவதும் விற்பது. ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். விற்பனையிலிருந்து தொடங்கி, சரக்குக்கு வந்து, கடைசியில் இயந்திரத்துக்குப் போங்கள். மாதம் 400 கிலோவை அடுத்த ஆண்டில் 1,000 கிலோவாக்குவது உங்கள் கடைகளையும் வாடிக்கையாளரையும் வைத்துப் பார்க்கும்போது கடினம், ஆனால் நம்பக்கூடியது. அதற்கு ஆண்டுக்கு 12 டன் வேண்டும். அதில் நான்கு மாத இருப்பை, அதாவது 4 டன்னை, மாசி தொடங்கி வரத்து மிகும் நாட்களில் வாங்கி வைப்பதற்கு 8 லட்சம் ஆகும். மீதியை விற்ற பணம் கொண்டு மாதாமாதம் வாங்கலாம். இயந்திரத்துக்கு இப்போதைக்கு 6 லட்சம் போதும்: காம்பு நீக்கவும் ஈரம் போகக் காயவைக்கவும் ஏற்பாடு, இப்போதுள்ளதைவிடச் சற்றுப் பெரிய அரவை இயந்திரம், எடை போட்டுப் பொட்டலம் கட்டும் இயந்திரம். மொத்தம் 14 லட்சம், நீங்கள் கேட்ட 18ஐவிடக் குறைவு. ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சமையல்காரர்களுக்கும் கூலிக்கு அரைத்துக் கொடுத்தால், சரக்கில் ஒரு ரூபாயும் முடக்காமல் தவணைக்கு ஒரு பகுதி வந்துவிடும்.

இதில் மானியம் என்னவாகும் என்று கேட்பீர்கள். முன் விண்ணப்பத்தில், கிராமப்புறப் பெண் தொழில்முனைவோர் என்ற முறையில், 18 லட்சத்துக்கு 35 விழுக்காடாக 6.30 லட்சம் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லும் வழியில் 6 லட்சத்துக்கு 2.10 லட்சம்தான் வரும். தொகை மூன்றில் ஒரு பங்காகக் குறைவது மனத்துக்கு ஒப்பாமல் இருக்கலாம். ஆனால் இயந்திரத்துக்கு உங்கள் பங்கு 60,000, வங்கிக் கடன் 5.40 லட்சம். சரக்குக்கான 8 லட்சத்தில் கால் பங்கு நீங்கள் போட்டால் வங்கி தர வேண்டியது 6 லட்சம். ஆக மொத்தக் கடன் 11.40 லட்சத்தில் நின்றுவிடுகிறது, உங்கள் கையிலிருந்து போவது 2.60 லட்சம். இப்படி எழுதிய அறிக்கையை எந்த வங்கி அலுவலரும் கேள்வி கேட்டுப் பார்ப்பார். ஒரே சொல்லில் திருப்புவது அவருக்கு எளிதாக இராது. அறுவடைக் காலத்தில் கூடுதலாகச் சரக்குப் பிடிக்க வேண்டியிருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வத்தலை வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கும் வழியும் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து எட்டிவயலில் மிளகாய்க்கென்றே குளிர்பதனக் கிடங்குடன் வணிக வளாகம் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குளிரில் வைத்த வத்தலின் நிறம் எளிதில் மங்காது.

வங்கியிடம் மீண்டும் போகும்போது இரண்டு செய்திகள் தெரிந்திருக்கட்டும். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ‘சாத்தியமற்றது’ என்பது முடிவே தவிரக் காரணம் அல்ல. குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாளைய அறிவுறுத்தல். நெடுங்காலம் 10 லட்சம் ரூபாயாக இருந்த அந்த வரம்பு இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட தொகைக்கு, 2000இல் தொடங்கப்பட்ட கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் உத்தரவாதத்தை வங்கி பெற்றுக்கொள்ளலாம், அதற்கான ஆண்டுக் கட்டணம் மட்டும் சேரும். கிளையில் பேச்சு நகரவில்லை என்றால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். தொழில் மையத்துப் பொது மேலாளரும் அவரும் மாதந்தோறும் ஏதாவது ஒரு கூட்டத்தில் ஒன்றாக உட்காருகிறவர்கள்.

உங்கள் பங்கான 2.60 லட்சத்தில் பாதிக்கு மேல் மதுரையில் நிற்கிறது, அதையும் விட்டுவிடக் கூடாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் எவ்வளவு தாராளமாக எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும். சரக்கு அனுப்பிய நாளில் உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, உங்களிடம் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான வசதியாக்கல் மன்றங்கள் சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய நான்கு இடங்களில் இயங்குகின்றன. மனுவை ஆன்லைனில் போடலாம். ஆனால் வாடிக்கையாளரை மன்றத்துக்கு இழுத்தால் உறவு முறியும் என்பதும் உண்மை. ஆகவே முதலில் சட்டப் பிரிவையும் வட்டிக் கணக்கையும் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் பணிவான கடிதம் ஒன்று அனுப்புங்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தவறிய பாக்கியைச் செலுத்தும்வரை அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள 2024-25 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் அதில் ஒரு வரி சேருங்கள். கணக்கு எழுதி வரி கட்டும் வணிகருக்கு அந்த வரி நன்றாகவே புரியும்.

ஊரார் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையங்கள் 1977ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை அறிக்கையின் விளைவாக 1978 மே மாதம் தொடங்கப்பட்டவை. சிறுதொழில் செய்பவருக்கு வேண்டிய எல்லாச் சேவையும் ஒரே கூரையின்கீழ் என்பது அன்று சொன்ன வாக்குறுதி. கூரை வந்தது. ஆனால் கடன் வங்கியிடமும், மின்சாரம் மின்வாரியத்திடமும், மனை அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிட்கோவிடமும், ஒப்புதல்கள் அந்தந்தத் துறையிடமும் இருந்தபடியே இருந்தன. மையத்தின் கையில் மிஞ்சியவை பரிந்துரையும் ஒருங்கிணைப்பும். பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மையம் பணம் தரும் இடம் என்று நினைத்துப் போகிறவர் ஏமாந்து திரும்புவார், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளப் போகிறவருக்குப் பயன் இருக்கும்.

வேலைவாய்ப்பை எண்ணும் விதத்திலும் குறை இருக்கிறது. பிரதமரின் திட்டத்தில் 2008-09 முதல் 2022 வரை ஏறத்தாழ 7.8 லட்சம் குறு நிறுவனங்களுக்கு உதவி, 64 லட்சம் பேருக்கு வேலை என்று மத்திய அரசு சொன்னது. அந்த 64 லட்சம், ஆளை எண்ணிப் பார்த்து வந்ததல்ல. ஓர் அலகுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் என்ற மதிப்பீட்டிலிருந்து வந்தது. அயர்லாந்தில் 2014 முதல் இயங்கும் 31 உள்ளூர்த் தொழில் அலுவலகங்கள் வேறு முறையைக் கையாளுகின்றன. முதன்மையாகப் பத்துப் பேர் வரை வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கு உதவும் அந்த அலுவலகங்கள், உதவி பெற்ற நிறுவனங்களில் அந்த ஆண்டு எத்தனை வேலை கூடியது, எத்தனை போனது, நிகரம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகின்றன. போன வேலையையும் எண்ணுகிற அலுவலகத்துக்குத்தான் பழைய நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வரும். நம்மிடம் புதிய அலகு ஒன்றைத் தொடங்கிவைத்தால் இலக்கு ஏறுகிறது, இருக்கும் நான்கு பெண்களின் வேலை நிலைத்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அதற்காகப் பெரிய தொழிற்சாலைதான் விடை என்று நான் ஒப்பமாட்டேன். ஒரு வட்டாரத்தில் சிறு தொழில்கள் தழைத்த இடங்களில் அரசு செய்த நல்ல வேலை, தனியொருவர் வாங்க முடியாத ஒன்றைப் பலருக்கும் பொதுவாக ஆக்கிக் கொடுத்ததுதான். கோவையில் பம்பு செய்யும் சிறு பட்டறைகள் ஒவ்வொன்றும் சோதனைக்கூடம் கட்டியிருக்க முடியாது. 1987இல் தென்னிந்தியப் பொறியியல் உற்பத்தியாளர் சங்கம் அரசுகளின் உதவியோடு சிட்டார்க் சோதனை மையத்தை அமைத்த பிறகு, சின்னப் பட்டறையின் பம்பும் தரச்சான்று கேட்கும் சந்தைக்குப் போக வழி பிறந்தது. மிளகாய்க்கு அப்படி என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மண்தரையில் உலர்த்தாமல் இருக்கப் பொதுக் காய்களம், பூஞ்சை நச்சையும் கலப்பட நிறத்தையும் சோதிக்கும் வசதி, காம்பு கிள்ளித் தரம் பிரிக்கும் கூடம். சோதனைக்கு இன்று நறுமணப் பொருட்கள் வாரியத்தின் தூத்துக்குடி ஆய்வகம்வரை போக வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தும், பொட்டலத்தில் அந்தக் குறியீட்டை முறையாகப் போட வேண்டுமானால் கிண்டியிலுள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிவு செய்ய வேண்டும் என்பதே இங்கு பலருக்குத் தெரியாது. விளைந்த வத்தல் மூட்டையாகவே விருதுநகர்ச் சந்தைக்கு ஏறிப்போய்விடுகிறது, அதன் பிறகு நடக்கும் தரம் பிரிப்பும் அரவையும் பொட்டலமும் தரும் வேலை வேறு ஊர்களுக்குச் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே ஊரார் மனுக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பொது வசதி மையம் கேட்டுக் கொடுக்கட்டும். மத்திய அரசும் மாநில அரசும் ஒரே தொழிலைச் செய்வோர் சேர்ந்த தொழில் குழுமங்களுக்கென்று தனித்தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன, அவற்றின் நுழைவாயிலும் தொழில் மையம்தான். தனி ஆளாகக் கேட்க முடியாது, உங்களைப் போன்ற அரவைக்காரர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் சேர்ந்து ஓர் அமைப்பாகப் பதிவு செய்தால்தான் கோப்பு நகரும். நிலத்துக்கும் சொந்தப் பங்குக்கும் முதலிலேயே வழி சொல்லாத குழுமக் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் தூங்கியதைக் கண்டிருக்கிறேன். எனவே அதை இரண்டாண்டு, மூன்றாண்டு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடனை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இந்த வாரமே மதுரைக்குக் கடிதம் போகட்டும். பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இரண்டு ஆண்டு விற்பனைப் பட்டியல்களையும் வங்கிக் கணக்குப் பிரதியையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வள நபரைப் பாருங்கள். விலைப்புள்ளிகளை இரண்டு நிறுவனங்களிடமாவது வாங்குங்கள். ஏஜென்ட் கொண்டுவந்து தரும் ஒற்றை விலைப்புள்ளியில் அவருடைய கமிஷனும் சேர்ந்திருக்கும். தை முடிவதற்குள் சரக்குக் கடனுக்கான அனுமதி கையில் இருக்க வேண்டும். இயந்திரம் ஒரு மாதம் தாமதமானால் பழைய இயந்திரத்தை வைத்துச் சமாளிக்கலாம். பருவத்தில் வாங்கத் தவறிய வத்தலை ஆடியில் வாங்கப் போனால் மண்டிக்காரர் சொல்வதுதான் விலை.